நிஷாந்தி பேரில் நாகலெட்சுமி

ஜெயதீபன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தபோதே அதில் என்ன இருக்கும் என்று நாகலெட்சுமிக்குத் தெரியும்.

தாளில் ஒரு நேரமும் ஒரு பெயரும் இருந்தன. செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது. பெயர் நிஷாந்தி.

"அந்த நேரத்தில இந்தப் பெயரால உள்ளுக்குப் போன ஆள் தன்ர சொந்தப் போன் ஒண்டைக் கம்ப்யூட்டரில கொழுவியிருக்கிறா. வைரஸ் அதிலயிருந்துதான் வந்தது," என்றான் ஜெயதீபன். "இந்த நிஷாந்தி எண்ட பிள்ளை எங்க?"

கொட்டகலைக்கு மேலே, பாறைக்காட்டுத் தோட்டத்து ஆபீஸ் அது. நான்கு கம்ப்யூட்டர், நான்கு நாற்காலி. அதில் ஒரு நாற்காலி ஒன்பது கிழமையாக, இரண்டு மாசத்துக்கு மேலாகக் காலி. பெரிய கிளாக்கர் அம்பலவாணர் தன் முழங்கையை மெல்ல நகர்த்தி, வேலைக்கு வந்தவர்கள் கையெழுத்து வைக்கும் வரவுப் புத்தகத்தின்மேல் ஊன்றிக்கொண்டார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருஷமாக இந்த மலையில் உத்தியோகம் பார்க்கிற மனுஷன். எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கக் கூடாது என்பது அவருக்கு அத்துப்படி.

"இன்னைக்கு லீவுங்க சார்," என்றாள் நாகலெட்சுமி. "இன்னைக்கு மட்டுந்தான். காய்ச்சல்."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் எவ்வளவு பெரிய பொய் என்று அவளுக்கே உறைத்தது.

ஜெயதீபன் கம்பெனியின் கொழும்புத் தலைமை ஆபீஸில் கம்ப்யூட்டருக்குப் பொறுப்பானவன். முப்பது வயது இருக்கும். வேனில் வரும் வழியில் மூன்று ராணுவச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் இறக்கி, அடையாள அட்டையைப் பார்த்து, பிறந்த ஊர் யாழ்ப்பாணம் என்று கண்டதும் லேப்டாப்பைத் திறக்கச் சொல்லிக் குடைந்திருக்கிறார்கள். 2007 பெப்ரவரி அது. தமிழனுடைய பைக்குள் வயர் இருந்தாலே ஊர் நடுங்கும் காலம். அதனாலோ என்னவோ, வந்ததிலிருந்து அவன் முகத்தில் சிரிப்பு என்கிற சாமானே இல்லை.

"வடிவாக் கேளுங்கோ," என்றான். "இங்கயிருந்து போன வைரஸ் பெக்டரி கம்ப்யூட்டரையும் வேற ரெண்டு தோட்டத்தையும் படுக்க வைச்சிட்டுது. தேயிலை லிஸ்ட் போகேல்லை. இந்தக் கிழமை ஏலத்தில எங்கட தேயிலை இல்லை. ஆரோ வேணுமெண்டு செய்தது எண்டு மேலிடம் நினைக்குது. நாலு மணிக்கு முதல் நான் போன் எடுத்து விளக்கம் சொல்லாட்டி, இந்தப் பேரை அப்பிடியே பொலிசுக்குக் குடுப்பாங்கள். தமிழ்ப் பெயர். விளங்குதுதானே?"

விளங்காமல் என்ன. ஹட்டனில் ஒரு பெட்டைப்பிள்ளையை விசாரிக்க என்று கூட்டிப் போய் எட்டு மாசம் கழித்து விட்ட கதை இந்த மலைப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பிள்ளை ஒரு குற்றமும் செய்திருக்கவில்லை. நாகலெட்சுமி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஏனென்றால் செவ்வாய்க்கிழமை பதினொன்று இருபதுக்கு நிஷாந்தி பேரில் உள்ளே போனவள் அவள்தான். போனும் அவளுடையதுதான்.

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலையில் ஒருத்தி காய்ச்சலில் விழுந்தால் அவள் தங்கச்சியோ மதினியோ அவள் கூடையை மாட்டிக்கொண்டு போய் அவள் பேரில் கொழுந்து எடுப்பாள். கங்காணி கண்டும் காணாத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிப் பீடி பற்றவைப்பார். சாயங்காலம் படுத்துக் கிடப்பவளுக்கு முழுப் பேர், அதாவது ஒரு நாள் கூலிக் கணக்கு, விழும். யாரும் அதைக் களவு என்று சொன்னதில்லை. மற்றவள் பேர் விழாமல் போக விட்டவளைத்தான் லயத்து வரிசை வீடுகளில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நாகலெட்சுமியின் அம்மா மீனம்மா அப்படி எத்தனை பேருக்குக் கூடை மாட்டியிருக்கிறாள் என்பதற்குக் கணக்கே கிடையாது.

கொழும்பிலிருந்து புதுச் சிஸ்டம் வந்தபோது ஒவ்வொருத்தருக்கும் ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்ட், ஒரு லைசன்ஸ் என்றார்கள். பாஸ்வேர்டைப் பெற்ற தாய்க்கும் சொல்லக்கூடாது என்று வகுப்பெடுத்தார்கள். நிஷாந்தி தாய்க்குச் சொல்லவில்லை, நாகலெட்சுமிக்குத்தான் சொன்னாள். லைசன்ஸ் ஒவ்வொன்றும் கம்பெனி காசு கொடுத்து வாங்கியது, சும்மா கிடக்க விட மாட்டோம், ஒரு பெயரை முப்பது நாள் யாரும் தொடாவிட்டால் சிஸ்டமே அதை மூடி வேறு தோட்டத்துக்குக் கொடுத்துவிடும் என்றும் சொன்னார்கள். நிஷாந்தி ஒரு வருஷக் கொந்தராத்தில், ஒப்பந்த வேலையில், இருந்தவள். கொந்தராத்துக்காரருக்கு மெடிக்கல் லீவு கிடையாது. பெயர் மூடினால் வேலையும் மூடும்.

டிசம்பரில் பூண்டுலோயாவில் சித்தி வீட்டுக்குப் போய் வரும்போது பஸ் மிதிபலகையிலிருந்து நிஷாந்தி விழுந்தாள். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. இடுப்பு வரைக்கும் கட்டு. படுத்த படுக்கை.

அதற்கடுத்த திங்கட்கிழமையிலிருந்து நாகலெட்சுமி காலையில் ஆபீஸைத் திறந்ததும் முதலில் தன் பெயரில் போவாள், பிறகு நிஷாந்தி பேரில் போய் நாலு வரி டைப் பண்ணிவிட்டு வருவாள். நிஷாந்திக்கு ஒரு சதம் சம்பளம் வரவில்லை, வரவுப் புத்தகத்தில் கள்ளக் கையெழுத்தும் இல்லை. பெயர் சாகாமல் இருந்தால் போதும். இதில் பிழை இருப்பதாக அவளுக்குத் தோன்றவே இல்லை.

பிழை செவ்வாய்க்கிழமை வந்தது. கொந்தராத்தை நீட்டிக்க விண்ணப்பம் அன்றைக்குள் போக வேண்டும், அதில் புதுப் படமும் வேண்டும். நாகலெட்சுமி லயத்துக்குப் போய் நிஷாந்தியைத் தலையணையில் சாய்த்து, தலை சீவிவிட்டு, தன் போனில் படம் பிடித்தாள். அந்த விண்ணப்பம் நிஷாந்தி பேரில்தான் திறக்கும். திறந்தாள், வயரைச் சொருகினாள், படம் ஏறியது. போனில் இருந்தது ஹட்டன் பஜாரில் பாட்டு ஏற்றிய மெமரி கார்டு. பாட்டோடு சனியனும் சேர்ந்து ஏறியிருந்தது யாருக்குத் தெரியும்.

"அந்தப் பிள்ளைக்குப் போன் எடுங்கோ," என்றான் ஜெயதீபன்.

"அவங்க வீட்டுல சிக்னல் இல்லீங்க சார்."

"அப்ப நான் நேர போறன். வீடு எங்க?"

நாகலெட்சுமி அம்பலவாணரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "மேல் லயம், தம்பி," என்றார். "ரோட்டால சுத்திப் போகவேணும். அரை மணித்தியாலம் எடுக்கும். நானும் வாறன்." வேனில் ஏறும்போது அவள் பக்கம் திரும்பாமலே, "பிள்ளை, குறுக்கால போனா இருபது நிமிஷம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொல்லிவிட்டுப் போனார்.

வேன் கேட்டைத் தாண்டியதும் அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஆறாம் நம்பர் மலைக்கூடாகப் பாதை செங்குத்தாக ஏறும். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "என்னாடி இந்த ஓட்டம், ஆபீஸ்ல தீ கீ புடிச்சிருச்சா?" என்று ஒருத்தி கத்தினாள். நாகலெட்சுமிக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. ஓடிக்கொண்டே யோசித்தாள். நிஷாந்தியிடம் என்ன சொல்லச் சொல்வது? உண்மையைச் சொன்னால் நிஷாந்தி ஒன்பது கிழமை வரவில்லை என்பது வெளியில் வரும், அவள் பெயர் இன்றைக்கே மூடும், கொந்தராத்தும் போகும். நாகலெட்சுமியையும் அனுப்பிவிடுவார்கள். உண்மையைச் சொல்லாவிட்டால் நாலு மணிக்கு நிஷாந்தியின் பெயர் பொலிசுக்குப் போகும். எந்தப் பக்கம் புரட்டினாலும் நிஷாந்திதான் அடிபடுகிறாள். நடக்க முடியாதவளை ஜீப்பில் தூக்கிப் போட்டுக் கொண்டு போவதை நினைத்ததும் அவள் இன்னும் வேகமாக ஏறினாள்.

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், வேறொரு நினைப்பும் வந்தது. பேசாமல் இருந்தால் என்ன? தாளில் இருப்பது நிஷாந்தி பெயர்தானே. போன் யாருடையது என்று அதில் இல்லையே. அந்த லயத்தில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் நாகலெட்சுமி. மீனம்மா அதற்காக முதுகு கூனிப் போனவள். அந்த நினைப்பு வந்ததற்கு அவள் தன்னையே வாய்விட்டுத் திட்டிக்கொண்டாள். ஆனாலும் வந்தது வந்ததுதான்.

மேல் லயத்துக்கு அவள் ஏறி வந்தபோது வேன் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. டிரைவர் கெட்டிக்காரன், அரை மணித்தியாலப் பாதையைக் கால் மணியில் ஓட்டியிருக்கிறான். நிஷாந்தி வீட்டு வாசலில் அம்பலவாணர் நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து நிஷாந்தியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"நாந்தாங்க சார். எம் போனுதான். தெரியாம சொருகிட்டேன்."

நாகலெட்சுமி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

"இந்தக் காலோடயோ?" என்றது ஜெயதீபனின் குரல்.

"ஆமாங்க சார்."

"எப்பிடிப் போனனீங்கள்?"

"கொழுந்து லொறியில."

"லொறியில எப்பிடி ஏறினனீங்கள்?"

"தூக்கி விட்டாங்க."

"ஆர்?"

"நாலு பேரு," என்றாள் நிஷாந்தி.

வேறொரு நாளாக இருந்தால் நாகலெட்சுமி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். நிஷாந்திக்குச் சின்ன வயசிலிருந்தே பொய் வராது. பள்ளிக்கூடத்தில் மாங்காய் திருடிவிட்டு, கேட்பதற்கு முன்னாலேயே நான் இல்லை என்று சொல்லி மாட்டிக்கொண்டவள்.

"சரி, போனைக் காட்டுங்கோ."

"தொலைஞ்சு போச்சுங்க சார்."

"தங்கச்சி," என்றான் ஜெயதீபன். அவன் குரல் முதல் தடவையாக இறங்கியது. "நாளைக்குப் பொலிஸ் வந்து இதே கேள்வியளைக் கேக்கும். ஆஸ்பத்திரித் துண்டை எடுத்துப் பாக்கும். நீங்கள் சொன்னது பொய் எண்டு ரெண்டு நிமிஷத்தில தெரியும். பொய் சொன்ன தமிழ்ப் பிள்ளையை அவங்கள் என்ன நினைப்பாங்கள் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? எனக்குத் தெரியும். என்ர அண்ணனை அப்பிடித்தான் கொண்டுபோனவங்கள்."

அதற்கு மேல் நாகலெட்சுமியால் நிற்க முடியவில்லை. உள்ளே போனாள்.

"நாந்தாங்க சார் செஞ்சது. அவ பேர்ல நாந்தான் போனேன். போனு இது." கையிலிருந்த போனை நீட்டினாள். பிறகு அதைக் கட்டில்மேல் வைத்தாள்.

"அவ பொய் சொல்றா சார்!" என்று நிஷாந்தி கத்தினாள். "ஏண்டி வந்த? ஒன்ன யாரு கூப்பிட்டா? நாந்தான் கெடக்குறவ, எனக்கு வந்தா வந்துட்டுப் போகுது. நீயாவது இரேண்டி!"

"நீ சும்மா கெட."

"ஒரு ஆளு போனா பத்தாதாடி? ரெண்டு பேரும் போயி ரோட்டுல நிக்கவா?"

ஜெயதீபன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு போனை எடுத்து, கார்டைக் கழற்றி, தன் லேப்டாப்பில் போட்டான். பாட்டு, பாட்டு, பாட்டு. ஒரு படம். தலையணையில் சாய்ந்த நிஷாந்தி. அதற்குக் கீழே அவன் தேடியது இருந்தது. அவன் ஒரு நீண்ட மூச்சு விட்டான்.

"இது கொழும்பில எல்லா ஆபீசுக்கும் வந்த வைரஸ்தான். பாட்டுக் கடையளில இருந்து பரவுது. என்ர பொஸ்ஸின்ர மகளின்ர கம்ப்யூட்டரில இருந்தும் போன கிழமை நான்தான் எடுத்தனான்," என்றான். "வேணுமெண்டு செய்த வேலையில்லை. அதை என்னால காட்டலாம். ஆனா பேர் ஒண்டு வேணும். எத்தினை நாளா இவவின்ர பேரில போறீங்கள்?"

"ஒம்பது கெழமைங்க சார்."

"ஏன்?"

"அவ பேரு விழாம போயிரக் கூடாதுன்னுதாங்க."

அவனுக்கு அது விளங்கவில்லை. அம்பலவாணர் வாசலில் நின்றபடி இரண்டு வாக்கியத்தில் விளக்கினார். ஜெயதீபன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். முப்பது நாள் விதியைச் சிஸ்டத்தில் போட்டவனே அவன்தான். சும்மா கிடக்கிற லைசன்ஸைப் பிடிக்கப் போட்ட விதி. கால் முறிந்து கிடக்கிற ஒருத்தியை அது பிடிக்கும் என்று அவன் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அது அவன் முகத்தில் தெரிந்தது.

மணி மூன்று இருபது. அவன் ஒரு தாளும் பேனையும் கொடுத்தான். நாகலெட்சுமி கட்டில் சட்டத்தில் வைத்து எழுதினாள். கம்பெனிக்கு நடந்த நட்டத்துக்குத் தான்தான் காரணம், போன் தன்னுடையது, கார்டில் வைரஸ் இருந்தது தெரியாது. "ஒன்பது கிழமையாக" என்று எழுதத் தொடங்கியதும் ஜெயதீபன் தாளை இழுத்துக் கிழித்தான். வேறு தாள் கொடுத்தான்.

"'அண்டைக்கு மட்டும்' எண்டு எழுதுங்கோ."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒன்பது கிழமை எண்டு எழுதினா ரெண்டு பேரும் போகவேணும். ஒரு நாள் எண்டா ஒராள்." அவன் நிஷாந்தியைப் பார்க்காமல் சொன்னான். "உங்கட பேரை என்னால காப்பாத்தேலாது. அது மட்டும் நிச்சயம்."

நாகலெட்சுமி எழுதினாள். அன்றைக்கு மட்டும். அந்த இரண்டு சொல்லை எழுத அவளுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. அம்பலவாணர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். போடும்போது வாசித்துப் பார்க்கவில்லை.

சிக்னல் லயத்துப் பைப்படியில்தான் வரும். ஜெயதீபன் அங்கே போய் நின்று கொழும்புக்கு எடுத்தான். தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் குடத்தோடு ஒதுங்கினார்கள். அவன் சிங்களத்தில் பேசினான். மலையில் வளர்ந்த யாருக்கும் அந்தச் சிங்களம் விளங்கும். நாகலெட்சுமி பத்தடி தள்ளி நின்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

ஒரே ஆள் சேர், என்றான். கைத்தவறு. வேணுமென்று செய்தது இல்லை, கார்டை நானே பார்த்தேன். ஆமாம் சேர், தமிழ்ப் பிள்ளைதான். இல்லை சேர், பொலிஸ் தேவையில்லை, எழுத்தில் வாங்கிவிட்டேன், அதற்கு நான் பொறுப்பு.

அந்த வருஷத்தில் இன்னொரு தமிழருக்காக நான் பொறுப்பு என்று சொல்வது லேசான காரியம் இல்லை.

மறுபக்கம் நீளமாக ஏதோ கேட்டது. ஜெயதீபன் தண்ணீர்ப் பைப்பையே பார்த்துக்கொண்டு, நிஷாந்தியா சேர், என்று திருப்பிக் கேட்டான். அந்தப் பெண் எங்கே, வேலைக்கு வருகிறாளா இல்லையா என்று கேட்கிறார்கள் என்பது நாகலெட்சுமிக்கு விளங்கியது. ஒன்பது கிழமையும் இந்த ஒரு பதிலில் தொங்கியது.

"அந்தப் பெயர் ஒவ்வொரு நாளும் பாவனையில் இருக்கிறது சேர்," என்றான் சிங்களத்தில், ஒரு சொல்லும் பிசகாமல். "ரெக்கோர்டை நானே பார்த்தேன். ஒரு நாளும் தவறவில்லை."

பொய் என்று யாரும் சொல்ல முடியாது. பிறகு, "மற்றப் பெயரை இப்பவே மூடுகிறேன்," என்று சொல்லிப் போனை வைத்தான்.

லேப்டாப் நிஷாந்தியின் கட்டிலடியில் இருந்தது. கொழும்புக்குப் போய்ச் சேரும் வரைக்கும் அவன் காத்திருப்பான் என்று நாகலெட்சுமி நினைத்திருந்தாள். அவன் இணையத்துக்காகத் தன் போனை வயரில் கொழுவி, பைப்படிப் பக்கம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய், இரண்டு நிமிஷத்தில் வேலையை முடித்தான். அவளுடைய பெயர் திரையில் ஒரு வரியாக இருந்தது, பிறகு இல்லை. ஆறு வருஷ ஆபீஸ் வேலை அவ்வளவுதான். அவளுக்கு ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் வேற்று ஆள் முன்னால் அழக் கூச்சமாக இருந்தது.

"உங்கட போனை நான் கொண்டுபோகவேணும். பிறகு அனுப்பிவிடுறன்," என்றான். "அந்தப் பிள்ளைக்குக் கட்டு எப்ப வெட்டுறாங்கள்?"

"இன்னும் மூணு கெழமையிலங்க சார்."

"முப்பது நாளுக்குள்ள வரும். அதுக்கு மேல ஒரு நாளும் பிந்தவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. இனிமேல் ஆரும் அந்தப் பேரைத் தொடக்கூடாது." அவன் வேனில் ஏறினான். அம்பலவாணர் அவள் தோளைத் தொடப் போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினார்.

நாகலெட்சுமி உள்ளே வந்தாள். நிஷாந்தி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தாள். தோள் குலுங்கியது. நடந்ததை அவளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடித்ததும் நிஷாந்தி திரும்பினாள். நன்றி என்கிற பேச்சே அந்த முகத்தில் இல்லை, கோபம்தான் கொப்பளித்தது.

"பெரிய தியாகி இவ. ஒங்கம்மா மொகத்துல நான் எப்புடி முழிப்பேன்? நீ ஒக்காந்த ஆபீஸ்ல, நீ இல்லாம, நான் மட்டும் எப்புடிடி போயி ஒக்காருவேன்?"

நாகலெட்சுமி கட்டிலில் உட்கார்ந்தாள். மீனம்மா இன்னும் ஒரு மணி நேரத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்கு வருவாள். அவளிடம் இதைச் சொல்ல வேண்டும். நிஷாந்தியின் கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். கீழே சரிந்து கிடந்த தலையணையை எடுத்து அந்தக் காலுக்கு அடியில் கொடுத்தாள்.

"ஒக்கார்றத அப்பறம் பாத்துக்கலாம்," என்றாள். "மொதல்ல எந்திரிச்சு நடடி."